பிள்ளை பேரைச் சொல்லாதீர்கள்

பெற்றோருக்கு,

நல்லவிதமாகத்தான் ஆரம்பிக்கிறேன். முடிக்கும்போது அப்படியே இருப்பேனா என்று தெரியாது.

காலை எட்டு இருபதுக்கு ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் வந்து நின்று பாருங்கள். மார்கழி என்றால் பனி இன்னும் ஏரியை விட்டு எழுந்திருக்காது. அந்தப் பனிக்குள்ளிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கறுப்பு, வெள்ளை, சாம்பல். ஒவ்வொன்றும் பெட்டிக்கடை உயரம். எட்டிப் பார்த்தால் முன்னால் அப்பாவோ அம்மாவோ. பின்னால், அஞ்சாறு பேர் தாராளமாக உட்காரும் இடத்தில், ஒரே ஒரு பிள்ளை. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் ஊதி ஊதிப் படம் வரைந்துகொண்டிருக்கும். பள்ளி வாசலில், வண்டிப் படி உயரமாக இருப்பதால் பிள்ளையைத் தூக்கித்தான் இறக்கவேண்டும். இறக்கிவிட்டு, அந்த வண்டியைத் திருப்ப நாம் படும் பாடு இருக்கிறதே, அதற்குள் பின்னால் பத்து ஹாரன்.

அந்த வரிசையில் என் வண்டியும் உண்டு. யாராவது சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆகவே இதை மேட்டில் ஏறி நின்று சொல்லவில்லை. அதே பள்ளத்தில் கிடந்துகொண்டுதான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்த எஸ்.யு.வி.யை வாங்கினோம். நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. அந்த வருஷம் மிளகு கைகொடுத்தது, மீதிக்கு லோன். சேலத்து ஷோரூமில் அந்தப் பையன் கேட்டது ஒரே கேள்வி: “மேடம், குழந்தைங்க இருக்காங்களா?” ஒரு பெண் என்றேன். அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் எஞ்சினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. மலைப்பாதை, குழந்தை, ஏர்பேக். மறுபடி மலைப்பாதை, குழந்தை. கையெழுத்துப் போடும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, “பாப்பாவுக்காகத்தான்” என்றார். நானும் தலையாட்டினேன். அது முழு உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு முந்தின தீபாவளிக்குத்தான் அவருடைய அண்ணன் ஒன்றை வாங்கி மாமியார் வீட்டு வாசலை அடைத்து நிறுத்தியிருந்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2024-25-ல் இந்தியாவில் விற்ற கார்களில் நூற்றுக்கு 65 இந்த எஸ்.யு.வி. வகையறாதான். கம்பெனிக்காரர்களின் சங்கமே வெளியிட்ட கணக்கு இது. போதாததற்கு, 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் பெரிய எஸ்.யு.வி.க்கு வரியும் மேல்வரியும் சேர்த்து நூற்றுக்கு 50 வரை இருந்தது, அன்றிலிருந்து 40 ஆகிவிட்டது. “அரசாங்கமே வாங்கச் சொல்லுது, உனக்கென்ன?” என்று ஓர் அண்ணன் பெற்றோர் கூட்டத்தில் என்னைக் கேட்டார். அரசாங்கம் கடை திறந்து பிராந்தியும்தான் விற்கிறது அண்ணா.

என் கண் எப்போது திறந்தது என்று சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடி மழை நேரம். கண்ணாடியெல்லாம் ஆவி. பள்ளி வாசலில் பெண்ணை இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுக்கிறேன். பின்னால் கேமரா இருக்கிறது, ஆனால் லென்ஸில் சேறு. பீப் பீப் என்று அது எப்போதும் கத்துவதுதான்; மழைத்துளி விழுந்தாலும் கத்தும், அதனால் காதில் விழுவதே இல்லை. திடீரென்று டயருக்கடியில் ஒரு நொறுங்கல். அப்பளத்தைக் கையால் அழுத்தினால் வருமே, அந்த மாதிரி. ஒரு ஆயாம்மா கை இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். இறங்கிப் பார்த்தால், ஒரு யு.கே.ஜி. பிள்ளையின் சாப்பாட்டுப் பை. ஷூ லேஸைக் கட்டுவதற்காகப் பையை ரோட்டில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். டிபன் பாக்ஸ் தட்டையாகிவிட்டது. தார் ரோட்டில் தயிர்சாதம், அதன் மேல் அவன் அம்மா தூவியிருந்த மாதுளை முத்து. அவன் அழவில்லை. அந்தச் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கால் நடுங்கி.

இரண்டடி. என் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்று வாங்கிய வண்டி, இன்னொருத்தி பிள்ளைக்கு இரண்டடி பக்கத்தில். பின்னால் மட்டும் என்று இல்லை; பானெட் எவ்வளவு உயரமோ, முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடம் அவ்வளவு நீளம். குனிந்து உட்கார்ந்த யு.கே.ஜி. பிள்ளையின் தலை பானெட் மட்டத்துக்கே வராது. நம் வண்டிக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஆறு ஏர்பேக். வெளியே நடந்து வரும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, ஒரு பிளாஸ்டிக் குடை.

சரி, இது வாசலில் நடக்கும் கூத்து. இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அதை எனக்குப் போட்டுக் காட்டியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார். விஷயம் கேள்விப்பட்டு, மறுநாள் டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, மளிகை பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்.

“உன் வண்டி எடை எவ்வளவும்மா?”

“ரெண்டு டன் வரும் சார்.”

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,100 மீட்டர். இரண்டு டன் இரும்பை அவ்வளவு உயரம் தூக்கச் செலவாகும் சக்தி, எஞ்சின் வீணடிப்பதையும் சேர்த்து, கிட்டத்தட்ட 2 லிட்டர் டீசல். உருண்டு வரும் தூரத்துக்கு ஆவது தனி. இது வெறும் தூக்குக்கூலி. “சரி, உன் பொண்ணு எத்தனை கிலோ?” என்றார். முப்பத்தைந்து. மறுபடி பெருக்கினார், வகுத்தார், பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு டீக்கடைக்காரரிடம் ஒரு வெறும் கிளாஸ் கேட்டு வாங்கி, அதன் அடியில் விரலை வைத்துக் காட்டினார். “35 மில்லி. ஒரு பாலாடை அளவு.”

குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ மருந்து கொடுத்திருப்பீர்களே, அந்தப் பாலாடை. பிள்ளையைத் தூக்க ஒரு பாலாடை டீசல். அந்தப் பிள்ளையைச் சுற்றி நாம் கட்டியிருக்கும் இரும்பைத் தூக்க இரண்டு லிட்டர். இனிமேல் “பிள்ளைக்காகத்தான்” என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த டீ கிளாஸ்தான் ஞாபகம் வரும்.

வாத்தியார் அதோடு விடவில்லை. பஸ்ஸுக்கும் போட்டார். காலி பஸ் பத்து டன் என்று வைத்துக்கொண்டு, ஐம்பது பேரை ஏற்றினால், ஆள் எடையும் சேர்த்து, ஒரு தலைக்குக் கால் லிட்டர். என் வண்டியில் நானும் பெண்ணும் மட்டும் வந்தால் தலைக்கு ஒரு லிட்டர். திரும்ப இறங்கும்போது என்ன ஆகிறது தெரியுமா என்றார். எண்ணெய் செலவழித்து ஏற்றிய அந்த உயரமெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிக் காற்றோடு போகிறது. அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் ஒரு கருகல் நாற்றம் வருமே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்? அது நாம் டாலர் கொடுத்து வாங்கியதன் நாற்றம்.

டாலர் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். “என் காசு, நான் போடுறேன், உனக்கென்ன” என்ற பேச்சுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பங்க்கில் நீங்கள் கொடுப்பது ரூபாய். அந்த ரூபாயை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்காரன் நமக்குக் கப்பலில் எண்ணெய் ஏற்றிவிடுகிறான்? நம் நாடு குடிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 88 வெளியிலிருந்து வருகிறது. “நரிமணத்தில எடுக்கிறோமே?” என்று கேட்டார் ஓர் அக்கா. எடுக்கிறோம். காவிரிப்படுகை, அசாம், ராஜஸ்தான், மும்பைக் கடல் எல்லாம் சேர்த்து எடுப்பது நம் தேவையில் எட்டில் ஒரு பங்குதான். டெல்டா விவசாயி தன் வயலில் குழாய் இறக்காதே என்று எத்தனை வருஷம் ரோட்டில் உட்கார்ந்தார் என்பதையும் அந்த எட்டில் ஒரு பங்கோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மீதி ஏழு பங்கு வரும் வழியைப் பாருங்கள். ஈராக்கிலிருந்தும் சவுதியிலிருந்தும், 2022-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்தும். வளைகுடாவிலிருந்து கிளம்பும் கப்பல் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்ட வேண்டும். அதன் குறுகலான இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர். ஏறத்தாழ சேலத்திலிருந்து ஏற்காடு வரும் தூரம். அவ்வளவு சின்ன வாசல். அங்கே யாராவது துப்பாக்கியைத் தூக்கினால் இங்கே நம் வீட்டுக் காய்கறி விலை ஏறும். அதைத் தாண்டி வருவதில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியாக மணலிக்குப் போய், பெட்ரோலும் டீசலுமாகப் பிரிகிறது. நம் பக்கத்துக்குச் சங்ககிரிக் கிடங்கிலிருந்து டேங்கர் லாரி. அந்த டேங்கரும் இருபது வளைவும் ஏறித்தான் மேலே வருகிறது. நமக்கு எண்ணெய் கொண்டுவரும் லாரியே எண்ணெய் குடித்துத்தான் மலையேற வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததில்தான் நாம் எண்ணூறு மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம். எண்ணூறு மீட்டர்! ஏரியை ஒரு பாதி சுற்றினால் முடிந்துபோகிற தூரம்.

2024-25-ல் கச்சா எண்ணெய் வாங்கிய வகையில் நாடு கட்டிய பில் சுமார் 13,700 கோடி டாலர். ரூபாயில் 11 லட்சம் கோடிக்கு மேல். அந்தப் பெரிய எண் யாருக்கும் புரியாது, எனக்கும் புரியவில்லை. அதனால் இப்படிப் பார்த்தேன்: 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டு அரசு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். நம் மாநிலத்துப் பள்ளிக்கல்வியை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தக்கூடிய பணம் ஒரே வருஷத்தில் எண்ணெய்க்குப் போகிறது.

நியாயமாகப் பேச வேண்டும். இந்த பில் முழுக்க உங்களாலும் என்னாலும் வந்ததில்லை. டீசலில் பெரும்பகுதியைக் குடிப்பது லாரியும் பஸ்ஸும் டிராக்டரும். பெட்ரோலில் பெரும்பங்கு ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும். சுத்திகரித்ததில் ஒரு பகுதியை நாமே வெளிநாட்டுக்கு விற்கவும் செய்கிறோம். ஆனால் குறைக்கச் சொன்னால் எதைக் குறைப்பது? நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போகும் லாரியையா? வேலைக்குப் போகும் கொத்தனாரின் டிவிஎஸ்-ஐயா? மஞ்சக்குட்டையிலிருந்து வரும் பிள்ளைகள் தொத்திக்கொண்டு வரும் டவுன் பஸ்ஸையா? குறைத்தால் யாருக்கும் ஒரு வேளை சோறு குறையாது என்று சொல்லக்கூடியது நம்முடையது ஒன்றுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு 1991 மங்கலாகவாவது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின வருஷம் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது; வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் குறைந்தது. ஏற்கெனவே கடன் கழுத்துவரை. கையில் இருந்த டாலர் சில வாரச் சாமானுக்குக்கூடக் காணாது என்ற நிலையில், அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அடகுக்கடைப் படி ஏறி இறங்கிய எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்த கதை நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நாடே அப்படி வந்தது. எண்ணெய் மட்டும் காரணம் இல்லை, ஆனால் எண்ணெய்தான் கடைசியாகக் கழுத்தைப் பிடித்தது.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 2022-ல் இலங்கையில் நடந்ததை நாமெல்லாம் போனில் பார்த்தோம். டாலர் தீர்ந்தது, அதனால் எண்ணெய்க் கப்பல் வரவில்லை. ஜூன் கடைசியில் தனியார் வண்டிகளுக்கு எண்ணெய் விற்பதையே இரண்டு வாரம் நிறுத்தினார்கள். கொழும்பு முதலான நகரங்களில் பள்ளிகளை மூடினார்கள். பள்ளிக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் வர பெட்ரோல் இல்லை, பிள்ளை வர பஸ் இல்லை. பிறகு க்யூஆர் அட்டை கொடுத்து வாரத்துக்குக் காருக்கு 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4 என்று அளந்து ஊற்றினார்கள். டாலரைக் காப்பாற்ற 2020-லேயே வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். சொந்தக் காருக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025-ல். இந்தியா இலங்கை இல்லைதான். நம் கையிருப்பு பெரியது, அங்கே எண்ணெய் மட்டுமே பிரச்சினையும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு: எண்ணெய் நின்றால் முதலில் பூட்டு விழுவது மாலுக்கா, பள்ளிக்கா? அங்கே பள்ளிக்கு விழுந்தது. பிள்ளைக்காக என்று நாம் எரிப்பது, தட்டுப்பாடு வந்தால் பிள்ளையிடமிருந்துதான் முதலில் பிடுங்கும்.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாம் நானே என் வீட்டுக்காரரிடம் பேசிய வசனங்கள்தான்.

“மலைப்பாதைக்குப் பெரிய வண்டிதான் வேணும்.” ஏன்? நம் ஊரில் கான்வென்ட் 1894-ல் வந்தது, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல். அந்தப் பிள்ளைகளெல்லாம் எந்த எஸ்.யு.வி.யில் வந்தார்கள்? அது கிடக்கட்டும், பழைய காலம். இன்றைக்கும் மிளகு மூட்டையும் காப்பிக்கொட்டையும் இறங்குவது சின்ன டெம்போவில். டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் அண்ணன்மாரைக் கேளுங்கள், பதினைந்து வருஷமாகச் சின்னக் காரில் இருபது வளைவும் ஏறி இறங்குகிறார்கள். உயரமான வண்டி வளைவில் சாயத்தான் செய்யும். அதற்கு பௌதிக வாத்தியார்கூட வேண்டாம், தலைச்சுமை தூக்கியவர்களுக்கே தெரியும்.

“பஸ்ஸில அனுப்பச் சொல்றியா? 2024 ஏப்ரல் 30 மறந்துபோச்சா?” மறக்கவில்லை. பதின்மூன்றாவது வளைவில் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போன அன்று ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பஸ்ஸில் போனவர்கள் யார்? சொந்த வண்டி இல்லாதவர்கள். நீங்களும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி எத்தனை வருஷமாயிற்று? கலெக்டருக்கு மனு எழுதத் தெரிந்தவன், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசத் தெரிந்தவன், போன் போட்டால் அதிகாரி எடுக்கும் அளவுக்கு ஆள் பழக்கம் உள்ளவன், இத்தனை பேரும் இறங்கிவிட்ட பஸ்ஸின் பிரேக்கைப் பற்றிக் கேட்க யார் மிச்சம்? நம் பிள்ளையும் அதில் ஏறினால் மறுநாளே டயரைக் குனிந்து பார்க்க மாட்டோமா?

“நான் எலெக்ட்ரிக் வாங்கிட்டேன்.” நல்லது, உண்மையிலேயே நல்லது. இறங்கும்போது உங்கள் பேட்டரியில் கொஞ்சம் திரும்ப ஏறும், என் பிரேக் மாதிரி எல்லாம் நாற்றமாகப் போகாது. மேட்டூரில் எரிவதும் நிலக்கரிதான் என்று வாதாடுவார்கள். இருந்தாலும் அது ஹோர்முஸ் தாண்டி வரும் எண்ணெய் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு டன் என்பது எதில் ஓடினாலும் இரண்டு டன்தான். பள்ளி வாசலில் அது அடைக்கும் இடமும் அதே இடம்.

வெளியூர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை இங்கே ஹாஸ்டலில் விட்டிருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிறு பார்க்க வருகிறீர்கள். வாருங்கள், வரவேண்டும், அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்க்க அப்பா ஒரு வண்டி, தாத்தா பாட்டி ஒரு வண்டி, சித்தப்பா குடும்பம் ஒரு வண்டி. திருப்பூரிலிருந்து மூன்று வண்டியும் முன்னும் பின்னுமாக. பார்த்துவிட்டு அப்படியே லேடீஸ் சீட் வியூபாயிண்டில் பஜ்ஜி. ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து வந்தால் என்ன? வழியெல்லாம் பேசிக்கொண்டாவது வரலாம். சேலத்தில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினால் இன்னும் நல்லது. பாட்டிக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்துவிட்டது. கோர்ட் சொல்லி, மறு வருஷம் நாளுக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் போட்டாயிற்று. சொந்தப் பிள்ளையைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கும் நாள் நமக்கும் வரவேண்டுமா?

உள்ளூர்க்காரர்களைத்தான் நான் இன்னும் கடுமையாகத் திட்ட வேண்டும், ஏனென்றால் அது என்னையே திட்டுவது. சனிக்கிழமை ஸ்விம்மிங்குக்குச் சேலம், ஞாயிற்றுக்கிழமை அபாகஸுக்கு மறுபடி சேலம். பிள்ளை போகும்போது தூங்குகிறது, வரும்போது வாந்தி எடுக்கிறது. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு நாலு வண்டியில் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாலு வண்டிக்காரர்களும் கீழே ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொள்வதையும். ஒருவரை ஒருவர் கேட்டால் கௌரவம் போய்விடும் என்ற பயம். “உங்க வண்டியில என் பையனையும் ஏத்திக்கிறீங்களா?” என்று கேட்க நமக்கு நாக்கு எழவில்லை. நம் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டாள், காப்பித்தூள் கேட்டாள், தேவைப்பட்டால் கல்யாணத்துக்கு நகையே இரவல் கேட்டாள். நமக்கு ஒரு சீட் கேட்க வாய் வரவில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்களே, அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. பெண்ணும் நானும் குடை பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கும் ஏரிக்கரைக்கும் நடந்தோம். பழுத்த காப்பிப் பழம் வேலியோரம் மழையில் உதிர்ந்து கிடந்தது. அவள் ஒரு பழத்தைப் பிதுக்கி உள்ளிருந்த வழவழப்பான கொட்டையை வாயில் போட்டு, “இது இனிக்குதே!” என்றாள். காப்பித் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பத்து வயதுவரை அது தெரியாது அவளுக்கு. கண்ணாடிக்குள்ளேயே வளர்ந்தால் எப்படித் தெரியும்?

நாங்கள் வண்டியை விற்கவில்லை. லோன் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி; விற்றால் பாதி விலைகூட வராது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், அது உண்மையும்கூட. அது வாசலில் நிற்கிறது. சேலம் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போக ஆள் நிறையச் சேர்ந்தால் எடுக்கிறோம். சேலத்து வகுப்பில் ஒன்றை நிறுத்திவிட்டோம். பெண் அதற்காக அழவில்லை, அபாகஸ் மிஸ்தான் வருத்தப்பட்டார். இன்னொன்றுக்கு மூன்று வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்து ஒரே வண்டியில் போகிறார்கள். பள்ளிக்கு நடைதான். முதல் வாரம் வழியில் பார்த்த நாலு பேர் வண்டியை நிறுத்தி, “என்னங்க, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம், “ஏதாவது பணக் கஷ்டமா?” என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்து போனால் கஷ்டம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம் நம் ஊரில்.

உங்களை வண்டியை விற்கச் சொல்லவில்லை. வாங்காதவர்கள் அந்த ஷோரூம் பையன் “குழந்தைங்க இருக்காங்களா?” என்று கேட்டால், “இருக்கு, அதனாலதான் சின்னதா பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், அவன் முகம் போகும் போக்கை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். வாங்கியவர்கள், ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் சாவியை ஆணியில் மாட்டுங்கள். அதற்கு மேல் என்றால் வண்டி நிறைய ஏற்றுங்கள். ஏழு சீட் இருக்கிறதா, ஏழு பிள்ளை ஏறட்டும். அப்போது அதை நான் வண்டி என்று ஒத்துக்கொள்கிறேன். பெருமைக்காக எடுக்கிறேன் என்றால் தாராளமாக எடுங்கள், வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுங்கள். பிள்ளை பேரில் பில் போடாதீர்கள்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒண்டிக்கடை டீக்கடைக்கு எதிரில் நான் நிற்பேன். பௌதிக வாத்தியாரும் தடியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாய்க்குத்தான் தடி, பிள்ளைகளுக்கு இல்லை. பள்ளிப் பக்கம் போகும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள், நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம். எட்டு பத்துக்குக் கிளம்பிவிடுவோம். குடை கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுக்காதீர்கள், முதுகில் மாட்டிவிடுங்கள்.